மாடத்தில் கிடந்த பொட்டலம்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். மூன்று தலைமுறையாகத் தறிதான். என் மாமனாருக்கு இடது காலில் யானைக்கால் இருந்தது. "குழித்தறியில் நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் வேறென்ன வரும்" என்று தெருவில் சொல்வார்கள். தார் சுற்றிக்கொண்டிருந்த என் மாமியாருக்கும் வலது கால் வீக்கம் உண்டு, இப்போதும் அவதிப்படுகிறார். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு நாள் வீடு வீடாக வந்து யானைக்கால் மாத்திரை கொடுப்பார்கள். கால் வீங்கியவர்கள் இரண்டு பேர், மாத்திரையோ வீட்டில் இருக்கிற ஆறு பேருக்கும். "நோயே இல்லாதவங்களுக்கு எதுக்கும்மா மருந்து?" என்று கேட்டேன். கொடுக்க வந்த பெண் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். சில வருஷமாக அவர்களும் வருவதில்லை. இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க மாடத்தை ஒழித்தபோது ஒரு பொட்டலம் கிடைத்தது. மூன்று சின்ன மாத்திரை, ஒரு பெரிய மாத்திரை. எதற்காக எல்லாருக்கும் கொடுத்தார்கள்? ஏன் நிறுத்தினார்கள்? இந்தப் பொட்டலத்தை இப்போது சாப்பிடலாமா?

— ஒரு வாசகி, காஞ்சிபுரம்

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை பொட்டலம் பிரிக்காமலே இருக்கட்டும்.

முதலில் தறிக்குழியின் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடலாம். அதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: உங்கள் மாமியார். அவர் குழியில் இறங்கி மிதி மிதித்தவர் அல்லர், தார் சுற்றியவர். அவருக்கும் கால் வீங்கியிருக்கிறது. தறியையே கண்டிராத தஞ்சாவூர் விவசாயிக்கும், கொச்சித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கும் வந்த நோய்தான் இது. கொச்சியில் இது எவ்வளவு சகஜமாக இருந்தது என்றால், வெள்ளைக்காரர்கள் இதற்குக் 'கொச்சிக் கால்' என்றே பெயர் வைத்தார்கள்.

தறியை விட்டால் அடுத்த பழி தண்ணீரின் மேல். 'அந்த ஊர்த் தண்ணீர் அப்படி' என்பது தமிழ்நாட்டின் பல ஊர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட பேச்சு. இதைச் சொன்னவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை, ஏனென்றால் பேட்ரிக் மேன்சனும் ஏறக்குறைய அதையே நம்பினார். சீனாவின் அமோய் நகரில் மருத்துவராக இருந்த மேன்சன், யானைக்கால் புழு கொசுவின் உடம்புக்குள் வளர்கிறது என்று 1877இல் கண்டுபிடித்தவர். நோயைப் பரப்ப ஒரு பூச்சி வேண்டும் என்று மருத்துவ உலகம் புரிந்துகொண்டதே அங்கிருந்துதான். அவ்வளவு தூரம் வந்தவர் கடைசிப் படியில் சறுக்கினார். கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, புழு தண்ணீரில் கலக்கிறது, அதைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று எண்ணினார். புழு கொசுவின் ஊசிவாய் வழியாகவே வெளியே வருகிறது என்பது தெளிவாக 1900 ஆயிற்று. தண்ணீருக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் குடிக்கிற தண்ணீருக்கு அல்ல, தேங்குகிற சாக்கடைக்கு. இந்தப் புழுவைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரில்தான் செழிக்கும். மஞ்சள்நீர்க் கால்வாயையும் வேகவதியையும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை.

இப்போது காரணத்துக்கு வருவோம். நம் உடம்பில் ரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. நிணநீர் என்பது ரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீர். அதைத் திரட்டி மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது இந்தக் குழாய்களின் வேலை. யானைக்கால் புழு, நூல் போன்ற ஒன்று, அந்தக் குழாய்களுக்குள் குடியேறி ஐந்தாறு வருஷம் வாழ்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கின்றன. மைக்ரோஃபைலேரியா என்று பெயர் பெற்ற, கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்புழுக்கள் ரத்தத்தில் மிதக்கின்றன. பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கிவிட்டு, நள்ளிரவை ஒட்டித் தோலின் அருகே வருகின்றன. கியூலெக்ஸ் கடிக்கும் நேரமும் அதுதான். சுகாதாரத் துறையினர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு வந்து தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி விரலில் குத்தியதற்கு இதுவே காரணம். "பகல்லே வந்தா என்ன, பகல்லே எங்களுக்கு ரத்தம் ஓடலையா?" என்று கேட்ட பாட்டிகள் உண்டு. ரத்தம் ஓடும் பாட்டி, புழு தூங்கும்.

தெருவின் பேச்சில் பாதி உண்மை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். புழு தங்கிய குழாய் வருஷக்கணக்கில் விரிந்து, பழுதாகி, நிணநீரை மேலே ஏற்ற முடியாமல் போகிறது. அந்த நிலையில் காலைத் தொங்கவிட்டால் நீர் கீழேயே தங்கும், வீக்கம் கூடும். ஆகவே தறிக்குழி நோயைக் கொண்டுவருவதில்லை, வந்த நோயை வளர்க்கக்கூடும். அதிலும் மிதி மிதிக்கும்போது கெண்டைக்கால் தசை அசைந்து நிணநீரைக் கொஞ்சம் மேலே தள்ளிவிடுகிறது. அந்தக் கணக்கில், நாற்காலியில் அசையாமல் தொங்கவிட்ட காலைவிட மிதியின் மேல் இருக்கும் கால் தேவலை.

சரி, உங்கள் பெரிய கேள்வி. நோய் இல்லாதவர்களுக்கு ஏன் மருந்து?

இதில் ஒரு தலைகீழ் உண்மை இருக்கிறது. கால் வீங்கியவரைத்தான் நோயாளி என்கிறோம். ஆனால் கால் நன்றாக வீங்கிய கட்டத்தில் பலருடைய ரத்தத்தில் நுண்புழுவே இருப்பதில்லை, புழு செத்து அதன் சேதம் மட்டும் மிஞ்சியிருக்கும். அவரைக் கடிக்கும் கொசுவுக்கு ஒன்றும் கிடைக்காது. ஊருக்குப் புழுவை வழங்கிக்கொண்டிருப்பவர் வேறு ஒருவர்: கால் வற்றலாக, காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல், காலையில் தறியில் ஏறி இரவில் அயர்ந்து தூங்கும் ஆரோக்கியமானவர். புழு சுமப்பவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்களே. அவருக்கே தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. ஆறு பேரில் யார் என்று ராத்திரி ரத்தம் எடுத்துத்தான் சொல்ல முடியும். ஒரு ஊரையே ராத்திரியில் எழுப்பி ரத்தம் எடுப்பதைவிட, ஊருக்கே மாத்திரை கொடுப்பது எளிது, செலவும் குறைவு. மாமனாரின் கால் மாத்திரையால் வற்றவில்லை என்று உங்களுக்கு ஒரு குறை இருந்திருக்கலாம். அந்த மாத்திரை அவர் காலுக்காக வந்ததே இல்லை. உங்கள் பேரப்பிள்ளைகளின் காலுக்காக வந்தது.

இந்தக் கணக்கு பலிக்கும் என்று நம்ப ஒரு காரணம் இருந்தது. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் பல்கிப் பெருகும். யானைக்கால் புழு பெருகாது, ஒன்று போனால் ஒன்றாகத்தான் வளர்ந்து வெளியே வரும். ஒருவருக்கு நோய் நிலைக்க நூற்றுக்கணக்கில், ஏன் ஆயிரக்கணக்கில் கொசுக்கடி வேண்டும். பரவுவதற்கே இவ்வளவு சிரமப்படும் புழுவை, மூத்த புழுவின் ஆயுள் தீரும்வரை ஐந்தாறு வருஷம் குஞ்சு விட முடியாமல் தடுத்தால், சங்கிலி அறுந்துவிடும். மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு 65 பேராவது ஐந்து வருஷம் தொடர்ந்து விழுங்கினால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு.

'விழுங்கினால்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் கதையே இருக்கிறது.

டைஎத்தில்கார்பமசின் என்ற இந்த மருந்து, சுருக்கமாக டிஇசி, புழுவைக் கொல்லும் என்று 1947இலேயே தெரிந்துவிட்டது. பெரியவர்கள் இதை 'ஹெட்ரசான்' அல்லது 'பானோசைட்' என்ற கம்பெனிப் பெயரில் அறிந்திருப்பார்கள். 1955இல் இந்திய அரசு தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊர் முழுவதற்கும் இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருஷங்களிலேயே திட்டத்தின் அந்தப் பகுதியைக் கைவிட வேண்டியதாயிற்று. சாப்பிட்டவர்களில் சிலருக்குக் காய்ச்சல், தலைச்சுற்றல், உடம்புவலி. மறுநாள் மறுபடி மாத்திரை என்றால் கதவு திறக்கவில்லை. அதன்பிறகு நீண்ட காலம், புழு இருப்பதாக ரத்தத்தில் தெரிந்தவர்களுக்கு மட்டும் மருந்து, சாக்கடைக்கு எண்ணெய் என்று காலம் ஓடியது. அதே மருந்து, அதே புழு, அதே கொசு. ஐம்பதுகளில் தோற்றது தொண்ணூறுகளில் எப்படி வென்றது என்பதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பாதி, கொள்கையில் வந்த மாற்றம். நாட்கணக்கில் கொடுக்க வேண்டாம், வருஷத்துக்கு ஒரே வேளை கொடுத்தாலே ரத்தத்தில் நுண்புழு பல மாதம் அடங்கிக் கிடக்கும் என்பது ஆராய்ச்சியில் தெரியவந்தது. தமிழ்நாடு இதை 1996இல் கடலூர்ப் பகுதியில் தொடங்கி, மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. 1997இல் உலக சுகாதார மாமன்றம் இந்த நோயை ஒழிப்பது என்று தீர்மானம் போட்டது. 2004 முதல் இந்தியா முழுவதும் நோயுள்ள மாவட்டங்களில் இது நடந்தது. பின்னால் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையும் சேர்ந்தது. பெரியவர்களுக்கு டிஇசி மூன்று, அல்பெண்டசோல் ஒன்று. உங்கள் பொட்டலத்தில் இருப்பது ஒரு ஆள் கணக்கு, அம்மா. வீட்டில் யாரோ ஒருவர் அந்த வருஷம் ஏமாற்றியிருக்கிறார்.

மறு பாதி, பேச்சு. பொட்டலம் எப்படி மாடத்துக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். காலை பதினொரு மணி. ஆண்கள் தறியில். ஊழியர் வாசலில் நின்று "எத்தனை பேர்?" என்கிறார். ஆறு பேர். ஆறு பேருக்கும் எண்ணிக் கொடுக்கிறார், நோட்டில் ஆறு என்று எழுதுகிறார். "சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்குங்க." வெறும் வயிற்றில் கூடாது என்பது சரியான அறிவுரைதான், ஆனால் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் அங்கே இருக்கப்போவதில்லை. மாலையில் தறியைவிட்டு எழும் மனிதர் மாத்திரையைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டில் போட்டவருக்குக் காய்ச்சலாம். கல்யாணப் புடவை பாதியில் நிற்கிறது, முதலாளி நாள் சொல்லிவிட்டார், படுத்தால் கூலி இல்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்." மாடம். நோட்டில் மட்டும் ஆறு ஆறாகவே இருக்கிறது.

அந்த மனிதரைப் பொறுப்பற்றவர் என்று திட்டுகிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர் கணக்கில் தப்பு தெரியவில்லை. நலமாக இருக்கிறவரிடம், உறுதியாகக் கிடைக்கும் நாளைய கூலியைக் கொடுத்துவிட்டு, வருமா வராதா என்று தெரியாத நோயைத் தவிர் என்கிறோம். காரணத்தையும் சொல்லாமல். உங்கள் கேள்விக்குச் சிரித்துவிட்டுப் போன அந்தப் பெண்ணின் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று அவருக்குக் கணக்கு கொடுத்திருப்பார்கள், பதில் சொல்ல நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

காய்ச்சல் விஷயம் இன்னும் வேடிக்கை. டிஇசி சாப்பிட்டு ஓரிரு நாளில் காய்ச்சல், தலைவலி வருவது பெரும்பாலும் ரத்தத்தில் நுண்புழு உள்ளவர்களுக்கு. புழு கூட்டமாகச் சாகும்போது உடம்பு காட்டும் கொந்தளிப்பு அது. அதாவது, இந்த மாத்திரை யாருக்கு மிகவும் தேவையோ அவருக்குத்தான் காய்ச்சல் வருகிறது. முன்கூட்டியே சொல்லப்படாவிட்டால், "மாத்திரை விஷம்" என்று தெருவுக்குச் சொல்லும் முதல் ஆளும் அவரே. "நாளைக்குச் சிலருக்குக் காய்ச்சல் வரலாம், வந்தால் உள்ளே புழு இருந்தது, சாகிறது என்று அர்த்தம், பாராசிட்டமால் போதும், பயமிருந்தால் இந்த இடத்துக்கு வாருங்கள்" என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டால், அதே காய்ச்சல் மருந்துக்கு விளம்பரமாகிவிடும். மருந்தில் ஒரு மில்லிகிராம்கூட மாற்றவில்லை, மாறியது ஒரு வாக்கியம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் 'காம்பி' என்ற ஒரு முறையைத் தமிழ்நாட்டிலும் செய்து பார்த்தது. நடத்தையை மாற்றுவதற்கான தகவல் தொடர்பு என்று அதை விரிக்கலாம். அதன் அடிப்படை விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: யார், எந்த நாளில், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் எழுதி முடிக்கும்வரை போஸ்டர், டி-சர்ட், துண்டுப் பிரசுரம் எதையும் அச்சடிக்கக் கூடாது. 'யானைக்காலை ஒழிப்போம்' என்று சுவரில் எழுதினால் அதைப் படிப்பவர் எதைச் செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார், நல்லது, ஒழியட்டும் என்று போய்விடுவார். 'கொண்டுவருபவர் முன்னாலேயே விழுங்குங்கள்' என்பது செய்யக்கூடிய காரியம். கலெக்டரும் மருத்துவ அதிகாரியும் முதல் மாத்திரையைத் தாங்களே விழுங்கிக் காட்டியதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதைப் பத்திரிகைப் படத்துக்கான சடங்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டவர்களும் உண்டு. நெசவுத் தெருக்களில் நான் சொல்லிப் பார்த்த யோசனை ஒன்று: அமாவாசைக்குத் தறி ஓடாத வீடுகள் இருக்கின்றன, முதல்நாள் மாலை சாப்பாட்டு நேரத்தில் வந்து கொடுங்கள், காய்ச்சல் வந்தாலும் கூலி போகாது. சர்க்குலரில் ஏற்கெனவே தேதி அச்சாகிவிட்டது என்றார்கள்.

ஆளிடம் பேசாமலேயே வேலையை முடித்த நாடும் உண்டு. சீனாவில் பல பகுதிகளில் டிஇசியைச் சமையல் உப்பிலேயே கலந்து விற்றார்கள், 2007இல் நோய் ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது. நம் பக்கத்தில் காரைக்காலிலும் எண்பதுகளில் இந்த உப்பைச் சோதித்துப் பார்த்ததுண்டு, நல்ல பலன் கண்டார்கள். ஆனால் கடையில் வேறு உப்பு கிடைக்கிற ஊரில் அதை நிலைநிறுத்துவது கடினம். மாத்திரை வழியிலேயே போன இலங்கை 2016இல் ஒழித்துக் காட்டியது.

ஏன் நிறுத்தினார்கள் என்றீர்கள். இது மறதியால் நின்றது இல்லை. ஒரு மாவட்டத்தில் போதிய வருஷம் மாத்திரை கொடுத்த பிறகு, ஆறேழு வயதுப் பிள்ளைகளின் விரல்நுனி ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். ஏன் அந்த வயது? அறுபது வயதுக்காரர் ரத்தத்தில் புழுவின் சுவடு இருந்தால் அது எந்தக் காலத்துப் புழு என்று சொல்ல முடியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாத்திரைக் காலத்தில் பிறந்தது. அதன் ரத்தத்தில் சுவடு இருந்தால் புழு இன்னும் ஊரில் நடமாடுகிறது என்று பொருள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தலாம். அப்படி மாவட்டம் மாவட்டமாகத் தேறித்தான் தமிழ்நாட்டில் இது நின்றது. பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் வேலை முடியவில்லை. நாடு முழுவதும் 2027க்குள் முடிப்பது என்பது இப்போதைய இலக்கு. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வரும் பிள்ளைகளுக்கு இரவில் ரத்தம் சோதிப்பது அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. 'அவர்கள் நோய் கொண்டுவருகிறார்கள்' என்று அதை அறிவித்தால் மட்டும், சோதிக்க ஆளே கிடைக்க மாட்டார்கள். பிள்ளையார்பாளையத்துக்காரர் சென்னைக்குப் பெண் கேட்கப் போனபோது 'அந்த ஊர்க்காரங்களா?' என்று காலைப் பார்த்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத்திரை நின்றதால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அவர் காலை இனிக் கெடுப்பது புழு அல்ல, விரலிடுக்கு வெடிப்புகளில் நுழையும் சாதாரணக் கிருமிகள். தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து, கால் சிவந்து எரிகிறதே, அது அந்தக் கிருமிகளின் வேலை. ஒவ்வொரு முறை அப்படி வந்து போகும்போதும் வீக்கம் ஒரு படி ஏறும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை மெல்லிய துணியால் ஈரம் போக ஒற்றி, வெடிப்பு இருந்தால் களிம்பு தடவி, படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வைத்தால் அந்தக் காய்ச்சல் அரிதாகிவிடும். வந்துவிட்டால் அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள், ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும். கடுமையான வீக்கம் உள்ளவர்களுக்கு மாநில அரசின் மாத உதவித்தொகையும் உண்டு, அங்கேயே விசாரியுங்கள்.

இனிப் பொட்டலம். சாப்பிடக் கூடாது. காகிதத்தில் மடித்துக் கொடுத்ததால் அதில் காலாவதித் தேதி இருக்காது, ஆனால் அது எப்போதோ கடந்துபோயிருக்கும். இப்போது உங்களுக்குத் தேவையும் இல்லை. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் குப்பையில் போட்டுவிடுங்கள். போடுவதற்கு முன்னால், யாருடைய பங்கு அது என்று மட்டும் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.